பஷ்தோவில் ஒரு களைப்பு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் துபாயிலிருந்து லீவில் வந்தவர். பக்கத்தில், ஜவுளிப் பையோடு, அவருடைய மச்சான்.

"பட்டானுங்க பாஷையில ஆம்பளைக்கு ஒரு களைப்பு, பொம்பளைக்கு ஒரு களைப்பு மச்சான்."

"இன்னாது?"

"பஷ்தோல ஆம்பளை களைச்சிட்டா ஸ்தடய், பொம்பளைன்னா ஸ்தடே. நல்ல, பெரியன்னு சொல்றதுகூட அப்படித்தான் மாறும். எங்க லேபர் கேம்ப்ல பொம்பளை ஏது? ரூம்ல இருந்த பட்டான்கிட்ட ஆம்பளைக்குச் சொல்றதை மட்டும்தான் கத்துக்கினேன். அவனோட அம்மா போன்ல வந்தா அதுகிட்டயும் அதையே பேசுவேன். நான் இன்னா ஆம்பளையான்னு கேட்டு சிரிக்கும்."

"அவன்தான் சாரத்துலேருந்து வுழுந்து பூட்டான்னு சொன்னியே."

"ஆமா. அவன் வூட்ல இன்னும் யாரும் அம்மாகிட்ட சொல்லலையாம். நான் லீவுல வந்ததும் அதுக்குத் தெரியாது. நேத்து எனக்கு போன் பண்ணி, புள்ளை எப்படி கீறான்னு கேட்டுச்சு."

பஸ் ஓரிக்கையைத் தாண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. மச்சான் ஜவுளிப் பையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார்.

"நீ இன்னா சொன்ன?"

"செத்துட்டான்னு சொல்ற வார்த்தை தெரியும். ஆம்பளைக்குத்தானே, தப்பே வராது. வாயில வரல மச்சான். ஸ்தடய்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு?"

"நீ இந்த வாட்டிதான் தப்பில்லாம சொல்றேன்னு சிரிச்சுது. அவன் நல்லா தூங்கட்டும், எழுப்பாதன்னு சொல்லிட்டு போனை வச்சிடுச்சு."