கேட்கவில்லை என்பதும் இல்லை என்பதும்

உங்கள் அலுவலகத்தில் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் மருத்துவமனை கேன்டீனில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுவார்கள்.

நோயாளிகளின் விவரங்களைத் திரையில் காட்டும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதற்கு அதில் ஒரு கட்டம் உண்டு. யாரும் கேட்டுப் பதியாதவரை அது காலியாக இருக்கும். அதை நாங்கள் ஆங்கிலத்தில் ‘நல்’ (null) என்போம். ‘இல்லை’ என்று அதற்கு அர்த்தம் கிடையாது. தெரியாது என்றுதான் அர்த்தம். இந்த வித்தியாசம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

அவசரப் பிரிவின் தலைமை நர்ஸுக்கு அந்தக் காலிக் கட்டம் பிடிக்கவில்லை. டாக்டர்கள் நிறைந்த அறையில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்.

“காலியா இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது? ஏதாவது ஒண்ணைக் காட்டித் தொலையேன்.”

“இன்னும் யாரும் கேக்கலைன்னு அர்த்தம், சிஸ்டர்.”

“உன் மண்டையும் அப்படித்தான் போல. உள்ள ஒண்ணுமே பதியலை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றே வேலையை முடித்துக் கொடுத்தேன். கட்டம் காலியாக இருந்தால், சிவப்பு எழுத்தில் ‘கேட்கவில்லை’ என்று காட்ட ஒரு நிபந்தனை எழுதினேன். மேலாளர்கூடப் பாராட்டினார். அதற்கு மேலே இன்னொரு நிபந்தனையும் வைத்தேன்: காலிக் கட்டம் அவசரப் பிரிவில் இருந்தால், ‘ஒவ்வாமை இல்லை’ என்று காட்டு. மேலே இருப்பதைத்தான் கணினி முதலில் பார்க்கும்.

பிறகு காத்திருந்தேன். எனக்குப் பொறுமை அதிகம்.

விபத்தில் அடிபட்டு, நினைவில்லாமல் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். நர்ஸ் திரையைப் பார்த்தார், ஊசி போட்டார். ஆசிரியையின் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொண்டது. கணவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“அந்த மருந்து ஆகாதுன்னு போற எடமெல்லாம் சொல்லுவாளே. எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?” என்றார்.

“ஸ்கிரீன்ல இல்லைன்னுதாங்க இருந்துச்சு” என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் போய்த் திரையைப் பார்த்தார்கள். சிவப்பு எழுத்தில் ‘கேட்கவில்லை’ என்று இருந்தது. மேலே வைத்த நிபந்தனையை அதற்குள் நான் எடுத்துவிட்டிருந்தேன். எல்லோர் முன்னாலும் அந்த நர்ஸம்மாள் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் திரையைப் பார்த்ததை நீங்கள் பார்க்க வேண்டுமே, ஐயா.

நிபந்தனையை நான் எடுத்ததுகூடக் கணினியில் பதிவாகும் என்பதைக் கவனிக்கவில்லை. நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

மற்றபடி, நீங்கள் எழுதியதெல்லாம் சரி. கொலை என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த ஆசிரியையின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை; அவர்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்?