நாலாவது ராணிக்கு அப்ரூவல் வரலை

இந்துமதி: கவசம்னு சொல்றீங்க. நீங்க வரைஞ்ச இந்த ராணி படத்துல கவசம் எங்கிருக்குதுங்க, மாதவன்?

மாதவன்: அந்தா இருக்குல்லா மேடம்... ரெண்டு வெள்ளித் தகடு.

இந்துமதி: இதைக் கட்டீட்டு இவ போருக்குப் போறாளாக்கும். வாளைத் தூக்குனா தகடு கழுத்துக்கு வந்துருமுங்க. சைடுல தையல் இல்ல, தோள்ல பிடிமானம் இல்ல. எதுல நிக்குது இது?

மாதவன்: மந்திரத்துல மேடம்.

இந்துமதி: மந்திரமெல்லாம் ஃபிட் சாம்பிள்ல எடுபடாதுங்க. போட்டுப் பாத்தீங்களா?

மாதவன்: ஐயோ... யாருக்கு மேடம் போட்டுப் பாக்க?

இந்துமதி: பொம்மைக்குங்க. கட்டிங் ரூம்ல தலையில்லாம ஒண்ணு நிக்குதுல்ல, மீடியம் சைஸு, அதைச் சொன்னேன். உங்க மூஞ்சி எதுக்குச் செவக்குது?

மாதவன்: ஃபேன் ஓடலை. அதான்.

இந்துமதி: ஓடுதுங்க. செரி, சாம்பிள்ல கட்டற டேக் அட்டைய எடுங்க. நாலாவது ராணிக்குப் பதினோராவது சாம்பிள். காமெண்ட் ஒண்ணு... கைத்துளை...

மாதவன்: மேடம், மேடம்... இன்னைக்கு மட்டும் எழுதாதீங்க. சி.டி.யைக் கவர்ல போட்டு ஒட்டி வச்சாச்சு, அஞ்சு மணிக்குக் கூரியர்க்காரர் வந்துருவாரு. இதான் கடைசி நாளுன்னு பெங்களூர்க்காரங்க சொல்லிட்டாங்க. இது போகலைன்னா அங்க கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில கேட்ட வேலை அவ்வளவுதான். ஆயுசுக்கும் இந்த டிசைன் ரூம்ல உக்காந்து ஜட்டிக்குப் பூப்போட வேண்டியதுதான்.

இந்துமதி: ஜட்டிக்குப் பூப்போடறது கேவலமுங்களா? டென்மார்க்குல பாதிக் கொழந்தைக உங்க வாத்துப் படத்தைப் போட்டுட்டுத்தான் தவழுதுக.

மாதவன்: வாத்து தவழட்டும் மேடம். நான் எப்ப எந்திரிச்சு நிக்கிறது?

இந்துமதி: அப்ப அனுப்ப வேண்டியதுதானுங்களே. என்ற ஓகே எதுக்கு?

மாதவன்: இந்தக் கம்பெனியில உங்களை மாதிரி மெர்ச்சண்டைசர் டேக்ல கையெழுத்துப் போடாம ஒரு கைக்குட்டையாச்சும் கேட்டைத் தாண்டியிருக்கா? நாலு வருசமா அதுலயே ஊறிட்டேன். நீங்க ஓகே சொல்லாத எதையும் வெளிய அனுப்பக் கை வரமாட்டேங்கு.

இந்துமதி: இது நல்லாயிருக்குதே. ஊரு கோவில்பட்டி, பழக்கம் மட்டும் எங்கூரு.

மாதவன்: மொத மூணு ராணிக்கும் ஓகே சொன்னீங்கள்லா. இவளுக்கு மட்டும் ஏன்...

இந்துமதி: மொத மூணுக்கும் அர மனசாத்தான் சொன்னேன். அந்த மூணாவது ராணி இருக்காளே... பாம்பு ராணி. அவளுக்கு மூணு கொலுசு, ஒரு குதிரை, ரெண்டு பட்டுச்சேலை குடுத்தா நூறு பாயிண்டு ஏறுது. ஏறுனதும் உள்ள கூப்புடறா. விளக்கு அணையுது. அடுத்தது சேவல் கூவுது. நடுவுல என்னங்க ஆச்சு?

மாதவன்: நடுவுல... ராத்திரி ஆச்சு.

இந்துமதி: அது எங்கூட்லயும் தெனமும் ஆகுதுங்க. கேம் அட்டையில ‘வயசு வந்தவங்களுக்கு மட்டும்’னு செவப்புல எழுதியிருக்கீங்களே, அதெதுக்கு? சேவலைப் பாக்கறதுக்கா?

மாதவன்: வரையணும்னுதான் உக்காந்தேன் மேடம். மூணு நாள் உக்காந்தேன். இங்க பாருங்க, கம்ப்யூட்டருக்கு நேர் மேல முதலாளி மாட்டி வச்ச முருகன் படம். அவரு ரெண்டு பொண்டாட்டியோட என்னையே பாத்துட்டு இருக்காரு. அந்த முழிக்கு முன்னாடி கை ஓடலை. சேவலுக்குப் போயிட்டேன்.

இந்துமதி: சேவலும் அவருதுதானுங்களே.

மாதவன்: சிரிக்காதீங்க மேடம். வேலை விசயம்.

இந்துமதி: செரி, சிரிக்கல. அந்தப் பட்டுச்சேலைக் கணக்கைச் சொல்லுங்க. ஒரு சேலைக்கு எதுக்குங்க இருபது பாயிண்டு? எங்க அக்காளுக்கு மாமா வருசம் நாலு சேலை எடுக்கறாரு. பாயிண்டு இன்னும் மைனஸ்லதான் இருக்குது.

மாதவன்: விளையாடுதவனுக்கு என்ன செய்யணும்னு தெரியணும்லா. குடுத்தா ஏறும், ஏறுனா கதவு தொறக்கும். அடுத்த கோட்டைக்குப் போகலாம். உலகம் பூரா அப்படித்தான் கேம் பண்ணுதாங்க.

இந்துமதி: உலகம் பூரா ஆம்பளைகதான் பண்றீங்க போல.

மாதவன்: அதனாலதான் உங்ககிட்டக் கொண்டுவந்தேன்...

இந்துமதி: சத்தம் போடாதீங்க. கட்டிங் மாஸ்டர் சுப்பண்ணன் வாராரு. படத்தை மாத்துங்க.

மாதவன்: மாத்துதேன், மாத்துதேன்... ஹேங் ஆயிருச்சு மேடம்.

இந்துமதி: அடக் கடவுளே. ராணி அப்படியே நிக்கறாளே.

சுப்பண்ணன்: சோறு உங்கலியா அம்மணி? மணி ஒண்ணரையாச்சு... அட, இதென்ன கண்ணு, புது ஆர்டரா?

இந்துமதி: ஆமாங்ணா. மாறுவேசத்துக்குப் போடற உடுப்பு. ஃபாரின்ல ஏதோ திருவிழாவாம்.

சுப்பண்ணன்: தங்கமான ஆர்டரா இருக்கும்போல. கிலோத் துணியில நூறு பீஸு வெட்டலாமே. முதலாளிகிட்டச் சொல்லீரட்டுமா? மனுசன் ரொம்ப நாளாச் சிரிக்கவே இல்ல.

மாதவன்: வேண்டாம்ணே, இன்னும் கன்ஃபார்ம் ஆகலை.

சுப்பண்ணன்: கன்ஃபார்ம் ஆனா கீழ எலாஸ்டிக் குடுக்கச் சொல்லு கண்ணு. ஒரு தும்மலுக்குத் தாங்காது இது. ஏனுங்க அம்மணி, இந்தப் புள்ள மூஞ்சிய எங்கியோ பாத்த மாதிரியே இருக்குது... கொண்டையில பேனா வேற சொருகியிருக்கறா.

மாதவன்: மந்திரக்கோல்ணே.

சுப்பண்ணன்: மூடி போட்ட மந்திரக்கோலா. செரி, செரி. ரெண்டு மணிக்கு மூணாவது லைனுக்குத் துணி வெட்டற மார்க்கர் பேப்பர் வேணும், மறந்துராத. நான் வாரேன்.

மாதவன்: போயிட்டாரு.

இந்துமதி: தெரியுதுங்க. மூடி போட்ட மந்திரக்கோலு.

மாதவன்: படம் சரியாயிருச்சு. அடுத்த காமெண்ட் சொல்லுங்க.

இந்துமதி: இருங்க. என்ற கொண்டையில இப்ப என்ன இருக்குது?

மாதவன்: பேனா.

இந்துமதி: இந்த ராணி என்ன குடுத்தாலும் ‘பாத்துட்டுச் சொல்றேனுங்க’ன்னு சொல்றாளே. மத்த மூணு பேரும் செந்தமிழ்ல பொளந்து கட்டறாங்க. இவ மட்டும் எதுக்குங்க ‘ங்க’ போடறா?

மாதவன்: இவ... மலைநாட்டு ராணி.

இந்துமதி: எந்த மலைங்க? எங்கூருப் பக்கத்து ஊதியூரு மலையா?

மாதவன்: மேடம், மணி ஆவுது.

இந்துமதி: பேரு இளமதி. ரொம்ப யோசிச்சு வச்சிருக்கீங்க.

மாதவன்: பேரு தானா அமைஞ்சிருச்சு.

இந்துமதி: பத்து வாரமா நானும் இவளோட மல்லுக்கட்டறேன். கொலுசு குடுத்தாச்சு, குதிரை குடுத்தாச்சு, மயிலிறகுப் போர்வை குடுத்தாச்சு. போன வாரம் வாசல்ல படுத்திருந்த டிராகனைக்கூடக் கொன்னு போட்டேன். பாயிண்டு ஒண்ணுகூட ஏறுல. நானே குடுத்து, நானே வேண்டாங்கற மாதிரி... எனக்குக் கோவமா வருதுங்க. டிராகனைக் கொன்னும் இவளுக்கு என்ன கேடு?

மாதவன்: டிராகன் சும்மா காவலுக்கு வச்சது. அதுக்கும் இவளுக்கும் சம்பந்தமில்ல.

இந்துமதி: இவளுக்கு டிராகனெல்லாம் பத்தாதுங்க. ரெண்டு பெரியப்பாரு, ஒரு மாமன், குன்னத்தூருல தோட்டத்தோட ஒரு அப்புச்சி, இவங்களை வாசல்ல உக்கார வையுங்க. நெருப்புக் கக்கறதுன்னா என்னன்னு அப்பத் தெரியும்.

மாதவன்: அவங்களை எந்த ஆயுதத்தால மேடம் அடிக்கறது?

இந்துமதி: அடிக்க முடியாது. காப்பி குடிச்சுட்டே பதில் சொல்லோணும். என்ன சாதி, எத்தனை ஏக்கரு, சொந்தமா மெஷினு இருக்குதா...

மாதவன்: அந்த லெவல் ரொம்பக் கஷ்டம். மொத கேள்வியிலயே உயிர் போயிரும்.

இந்துமதி: போகட்டும். திரும்ப மொதல்ல இருந்து விளையாடோணும். ஆமா, கேக்கோணும்னு இருந்தேன். இவ சரின்னு சொல்றது எங்கதான் இருக்குது? நாப்பது தடவை விளையாடியும் வரலையே. எங்கியோ தப்பு இருக்குது.

மாதவன்: தப்பு இல்ல மேடம். அதை நான் எழுதலை.

இந்துமதி: எழுதலையா?

மாதவன்: எழுதலை.

இந்துமதி: ஏனுங்க, பட்டனே தெக்காத சட்டையக் குடுத்து பத்து வாரமா மாட்டிப் பாக்கச் சொல்லியிருக்கீங்க.

மாதவன்: மத்த மூணு பேரும் நான் கற்பனை பண்ணினவங்க. நான் என்ன நெனைக்கனோ அதைச் சொல்லுவாங்க. இவ அப்படி இல்ல. என்ன குடுத்தா சரின்னு சொல்லுவா, சொன்னா எப்படிச் சொல்லுவா... எனக்குத் தெரியலை. தெரியாததை எழுதுனா பொய்யா இருக்கும். நீங்களும் சொல்லலைன்னா அப்படியே போகட்டும்.

இந்துமதி: அவளுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்க.

மாதவன்: என்ன மேடம்?

இந்துமதி: எழுதிக்குங்க, காமெண்டுதான். உங்க வீரன் ஒவ்வொரு கோட்டையிலயும் என்ன பண்றான்? குடுக்கறான், உள்ள போறான், சேவல் கூவுது, மூட்டையக் கட்டிட்டு அடுத்த கோட்டைக்குக் கெளம்பிர்றான். இவ மூணு கோட்டையையும் மாடியில நின்னு பாத்தவ. இவளுக்குக் குதிரை எதுக்கு? அவன் ஏறிட்டுப் போறதுக்கா?

மாதவன்: அப்ப என்ன வேணும் அவளுக்கு?

இந்துமதி: அவ ஒண்ணே ஒண்ணு கேப்பா. போறியா, இருக்கறியா. உங்க கேம்ல ‘குடு’ இருக்குது, ‘அடி’ இருக்குது, ‘கெளம்பு’ இருக்குது. ‘இருக்கறேன்’னு ஒரு பட்டன் இருக்குதுங்களா?

மாதவன்: இல்ல.

இந்துமதி: அதான் அவ பாயிண்டு ஏறல.

மாதவன்: அந்தப் பட்டனை வச்சா ஆட்டம் அங்கயே முடிஞ்சுரும் மேடம். அஞ்சாவது கோட்டை, ஆறாவது கோட்டை எல்லாம் வீணாப் போயிரும்.

இந்துமதி: போகட்டுமே. இருக்கறவனுக்கு எதுக்குங்க ஆறாவது கோட்டை?

மாதவன்: ...வச்சிருதேன்.

இந்துமதி: எவ்வளவு நேரமாகும்?

மாதவன்: பத்தே நிமிசம். ஒரு வார்த்தைதான்.

இந்துமதி: அப்ப டேக்கைக் குடுங்க. ‘திருத்தத்துடன் ஓகே.’ கையெழுத்து... தேதி முப்பத்தொண்ணு, எட்டு, ரெண்டாயிரத்தி ஏழு. போதுமுங்களா?

மாதவன்: கையெழுத்து கோணலா விழுது மேடம்.

இந்துமதி: ஃபேன் வேகமா ஓடுது.

மாதவன்: ஓடலைன்னு நான்தான் சொன்னேன்...

இந்துமதி: பெங்களூரு நல்ல ஊருங்க. குளுருமாம். ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, சாம்பிள் ரூம்ல மிச்சப் பீஸு கெடக்குது. போயி நல்லா இருங்க. எனக்குச் சந்தோசமெல்லாம் இல்ல, இருந்தாலும் சொல்றேன். கவரைக் குடுங்க, பழைய சி.டி.யை எடுத்துட்டு டேக்கை உள்ள வச்சர்றேன், புது சி.டி. வந்ததும் நானே ஒட்டிக் குடுத்தர்றேன்.

மாதவன்: வேண்டாம் மேடம், நான் பாத்துக்கிடுதேன்.

இந்துமதி: டேக் இல்லாம எப்படீங்க போகும்? விடுங்க... அட, விடுங்கன்னா.

மாதவன்: மேடம், பிரிக்காதீங்க...

இந்துமதி: என்னங்க இது? சி.டி.யைக் காணோம். ஒரே ஒரு கடுதாசி இருக்குது.

மாதவன்: அதை வையுங்க.

இந்துமதி: பெங்களூரு கம்பெனி பேரு போட்டிருக்குது. ‘தங்களை டிசைனராக நியமிக்கிறோம்... ஆகஸ்ட் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு’... ஏனுங்க, இருபதா? இன்னைக்கு முப்பத்தொண்ணுங்க.

மாதவன்: தெரியும்.

இந்துமதி: அப்ப கூரியரு, கடைசி நாளு, அஞ்சு மணி...

மாதவன்: கூரியர்க்காரர் யாரும் வரமாட்டாரு. மொத மூணு ராணிய ஆனி மாசமே அனுப்பிட்டேன். அது போதும்னு ஆடியில கூப்பிட்டுட்டாங்க. நாலாவதை அவங்க கேக்கவே இல்ல. ஏன் சேரலைன்னு ரெண்டு தடவை போன் பண்ணுனாங்க. இங்க ஒரு அப்ரூவல் வரவேண்டியிருக்கு, அது வராம கெளம்ப முடியாதுன்னேன். அந்த வேலை போயாச்சு மேடம்.

இந்துமதி: பைத்தியமுங்களா உங்களுக்கு? நான் பாட்டுக்கு வாரம் வாரம் வேண்டாம் வேண்டாம்னு எழுதியெழுதி...

மாதவன்: எழுதட்டும்னுதான் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மணி நேரம் இந்த ஸ்டூல்ல உக்காந்து என்னைத் திட்டுவீங்கள்லா. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. நான் மறைச்சதைச் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. கைத்துளை சரியில்ல, தோள் சரியில்ல, கொண்டை சரியில்லன்னு பத்து தடவை தள்ளுனீங்களே... நெசமாவே அதுல தப்பு இருந்துச்சா?

இந்துமதி: ஒரு தப்பும் இல்லீங்க. மொத வாரமே எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு... ஓகேன்னு எழுதிக் குடுத்தா சரக்கு அன்னைக்கே வண்டியேறிரும்ல, அதானுங்க.