பென்சிலில் எழுதிய நோய்கள்

எந்தப் படிவமானாலும் நான் முதலில் பென்சிலில்தான் நிரப்புவேன். மையில் எழுதித் தப்பானால் அடிக்க வேண்டியிருக்கும். அடித்தல் திருத்தலைக் கண்டாலே அலுவலகங்களில் முகம் சுளிப்பார்கள். பென்சிலில் எழுதி, உரியவருக்கு வாசித்துக் காட்டி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகு நிதானமாக உட்கார்ந்து மேலே மையால் எழுதுவேன். எங்கள் தெருவில் வயதானவர்கள் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேற்று நீங்கள் பெரியப்பாவின் காப்பீட்டுப் படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மைக்கு அடியில் வேறு எழுத்தின் தடம் தெரிகிறது என்றீர்கள். அழுத்தி எழுதுவது எனக்குச் சிறு வயதுப் பழக்கம். விசாரணை அதிகாரி கேட்கும்போது மறைப்பது மரியாதையில்லை, சொல்லிவிடுகிறேன்.

அப்பா அம்மா இல்லாத என்னைப் பெரியப்பாதான் வளர்த்தார். சோற்றுக்கும் துணிக்கும் குறை வைத்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பெரியம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. பெரியப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து விலகல் படிவம் நிரப்பினார். காரணம் என்ற இடத்தில், 'மாணவிக்குப் படிப்பில் விருப்பமில்லை' என்று எழுதினார். கணக்கு டீச்சர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்காக எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருக்கேன். பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது. திரும்பும் வழியில் பெரியப்பா என் புத்தகப் பையைத் தானே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏதாவது ஒண்ணு எழுதணும்ல பாப்பா, அதான்" என்றார்.

அதற்காக நான் அவரை வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். பதினோரு வருடம் வேளை தவறாமல் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அவருக்கு அறுபத்தைந்து முடிந்த மாதம் டாக்டர், இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி வருகிறது, சில வருடங்களில் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அதன் பிறகுதான் காப்பீட்டு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். குடைக்காரர் என்று எல்லாரும் சொல்வார்களே, அவர். சாய்வு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரியவைத்தார்.

"ஆயுள் காப்பீடுன்னா நீங்க போனப்புறம் அம்மாவுக்குக் காசு. மருத்துவக் காப்பீடுன்னா நீங்க போகாம இருக்கறதுக்குக் காசு. எது வேணும் சார்?"

"நான் போனப்புறம் இவ என்னைத் தேடப்போறாளா, காசைத் தேடப்போறாளா? போகாம இருக்கறதுக்கு உள்ளதைக் குடுய்யா" என்றார் பெரியப்பா.

"ரெண்டையும் தேடுவேன். முதல்ல காசை" என்று பெரியம்மா உள்ளேயிருந்து சொன்னார். நானும் சிரித்தேன்.

குடைக்காரர் நேர்மையான ஆள். அவரை இதில் இழுக்காதீர்கள். "இருக்கிற நோயை மறைக்காதீங்க. சொல்லிட்டா மூணு வருஷம் காத்திருக்கணும், அப்புறம் அதுக்கும் செலவு வந்துரும். மறைச்சது தெரிஞ்சா பாலிசியே போச்சு" என்றார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பி, "ஒண்ணு விடாம எழுது பாப்பா. வம்பே வேண்டாம்" என்றார்.

ஒன்று விடாமல் எழுதினேன். சர்க்கரை உண்டு, இரத்த அழுத்தம் உண்டு, வால்வு பழுது உண்டு. வாசித்துக் காட்டினேன். தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். "என் பாப்பா எழுதினா அச்சடிச்ச மாதிரி" என்று குடைக்காரரிடம் பெருமைப்பட்டார். படிவத்தை மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அவர் கிளம்பினார்.

அன்று மத்தியானம் பெரியப்பாவும் பெரியம்மாவும் தூங்கும்போது மூன்று 'உண்டு'களையும் அழித்தேன். மையால் மூன்று இடத்திலும் 'இல்லை' என்று எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது.

பாலிசி வந்தபோது கூடவே படிவத்தின் நகலும் வந்தது. தவறிருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று போட்டிருந்தது. "சரியா இருக்கா?" என்று பெரியப்பா கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். பதினைந்து நாளும் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். பதினாறாம் நாள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிறகு மூன்று வருடம் காத்திருந்தோம். நாட்காட்டியில் மாதம் கிழிக்கும் வேலை அவருடையது. மூச்சு வாங்கி மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். டாக்டர் இப்போதே செய்யலாம் என்றபோது, "இன்னும் ஏழு மாசம் தள்ளுங்க டாக்டர், மூணு வருஷம் முடிஞ்சுரும்" என்று கெஞ்சினார். படியேறும்போதெல்லாம் நான் கையைப் பிடித்து மெதுவாக மேலே ஏற்றிவிட்டேன்.

மீதி உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பழைய மருத்துவச் சீட்டுகளைப் பார்த்து உங்கள் நிறுவனம் பணம் தர மறுத்தது. பெரியம்மா முறையிட்டதால் நீங்கள் நேரில் வந்தீர்கள். பெரியப்பா கட்டிலில் நிமிர முயன்று, "எல்லாத்தையும் எழுதச் சொன்னேன் சார். பாப்பாவைக் கேளுங்க" என்றார். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். எதுவும் இல்லையென்று எழுதத்தான் அவர் சொன்னார் என்றேன்.

நீங்கள் போன பிறகு அவர், "மறந்துட்டியா பாப்பா? நல்லா யோசிச்சுப் பாரு" என்றார்.

"உங்களுக்குத்தான் மறதி, பெரியப்பா" என்றேன்.

அவர் யோசித்தார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் அப்படிச் சொல்லிட்டேன் போலிருக்கு. என் புத்தி எங்க போச்சோ" என்று அழுதார். தான் சொல்லாத ஒரு வார்த்தை தன் பெயரில் தாளில் இருந்தால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் விரும்பினேன். அது மட்டும்தான். இலவச மருத்துவமனையில் அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு எட்டு நாள் முன்னால் இறந்துபோனார்.

மாற்றி எழுதியது நான்தான். உங்களிடம் சொன்னதும் பொய்தான். ஆனால் ஒன்றை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் என்னை ஒரே ஒரு முறைதான் கேட்டீர்கள். எனக்கு வாய் வர நேரமாகும். இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், பெரியப்பாவும் பிழைத்திருப்பார்.