இண்டைக்கு எந்தக் கத்தி?

— இருபத்தொண்டுதான் ரின்னுக்குள்ளை இருக்கு. மற்றது எங்கை அப்பா?

— வடிவா எண்ணினனியே சுபா?

— ரெண்டு தரம் எண்ணிட்டன். மடக்கிற வில்லுக்கத்தி இருபத்திரண்டு எண்டு சின்னனிலை இருந்து கேட்டுக் கேட்டு வளந்தனான், எனக்குக் கணக்குத் தெரியாதே? சேட்டுப் பொக்கற்றைக் காட்டுங்கோ பாப்பம்.

— இது இண்டைக்குரியது பிள்ளை. ஒரு நாளைக்கு ஒண்டு கொண்டுதிரியிறவன் நான். பொழுது படட்டும், தாறன்.

— பொழுது படேக்கை நான் வவுனியா பஸ்சிலை இருப்பன். இந்தப் பிஸ்கற் ரின்னும் என்ரை மடியிலை இருக்கும். அம்மா கோயிலாலை வாறதுக்கிடையிலை கட்டி முடிக்கவேணும். முடிவாச் சொல்லிப்போட்டன்.

— இப்ப நேர்ஸ்மாருக்குக் கத்தி பறிக்கவும் அதிகாரம் குடுத்திருக்கினமோ?

— பகிடி விடாதேங்கோ. கையை நீட்டுங்கோ. ம்ம்... பாருங்கோ, எப்பிடி ஆடுது எண்டு.

— காத்துக்கு ஆடுது.

— முத்தத்திலை ஒரு இலை அசையேல்லை அப்பா! ஆனி மாதம் சந்தையிலை ஆருக்கோ மாம்பழம் வெட்டிக் குடுக்கிறன் எண்டு வெளிக்கிட்டு உள்ளங்கையை வெட்டினீங்கள். ஆறு தையல். அம்மா ரெலிபோனிலை அழுத அழுகை எனக்கு இன்னும் காதுக்குள்ளை கிடக்கு.

— ஆருக்கோ இல்லை. என்ரை கூட்டாளி தில்லைநாதன்ரை பேத்திக்கு. நல்ல கறுத்தக்கொழும்பான். ஒரு பக்கம் வெட்டிக் குடுத்திட்டன், மற்றப் பக்கம்தான்...

— மற்றப் பக்கம் உங்கடை கை. கேளுங்கோ அப்பா. இந்தக் கைநடுக்கம் குறையிற வருத்தம் இல்லை. நான் கிளினிக்கிலை நெடுகப் பாக்கிற வருத்தம். கூடத்தான் செய்யும்.

— தெரியும்.

— தெரிஞ்சுகொண்டும் ஏன் அடம் பிடிக்கிறீங்கள்?

— கேளன் பிள்ளை. முப்பத்தொரு வருசம் பருத்தித்துறை பஸ் ஓடினவன் நான். இந்த றோட்டிலை ஆருக்கு என்னத்தை வெட்டவேணும் எண்டாலும், 'பஞ்சலிங்கம் றைவர், கத்தி இருக்கே?' எண்டுதான் கேப்பினம். வாழைக்குலைக்குக் கேப்பினம், சாக்கு மூட்டைக்குக் கேப்பினம். ஒருக்கால் நெல்லியடிச் சந்தியிலை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை தாவணி சைக்கிள் சில்லுக்குள்ளை சுத்திப்போட்டுது. பஸ்சை நடு றோட்டிலை விட்டிட்டுக் குதிச்சனான். இந்தக் கத்தி இல்லையெண்டால் அண்டைக்கு அந்தப் பிள்ளையின்ரை கழுத்து என்ன ஆகியிருக்கும்?

— அது அந்தக் காலம். இப்ப சந்தையிலை எல்லாரிட்டையும் கத்தி இருக்கு.

— இருக்கு. ஆனால் என்னட்டைத்தான் கேக்கினம்.

— சரி, இது எந்தக் கத்தி? பித்தளைப் பிடி. இதை நான் தொட்டால் அடி விழும் முந்தி.

— அது அளவெட்டி நாயனக்காரர் குகதாசன் அண்ணையின்ரை. திருவிழாக் காலத்திலை என்ரை பஸ்சிலை முன் சீற்றிலை ஏறியிருந்து, நாயனத்து வாயிலை வைச்சு ஊதுற சீவாளியைச் சீவிக்கொண்டு வருவார். எனக்கு ஒரு கண் றோட்டிலை, ஒரு கண் அவரின்ரை கையிலை. கிடங்கு வந்தால் பஸ்சைப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இறக்குவன். ஒரு குலுக்கலோடை சீவாளி பிழைச்சுப்போம் எல்லோ? பின்னுக்கு இருக்கிற சனம் கத்தும். 'ஐஞ்சு நிமிசம் பிந்தினால் ஒருத்தரும் சாகமாட்டினம், சீவாளி பிழைச்சால் சாமிக்கு வாசிப்பில்லை' எண்டு கொண்டக்டர் எமில்ராஜ் திருப்பிக் கத்துவான். அவன் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன்!

— பேந்து எப்பிடி உங்களிட்டை வந்தது?

— அவருக்குக் கண் மங்கிப்போச்சு. ஒருநாள் இறங்கேக்கை கியருக்குப் பக்கத்திலை வைச்சிட்டு, 'றைவர், இனி மகன் சீவித் தாறானாம், இது உன்னோடை ஓடித் திரியட்டும்' எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் பாக்காமல் போனார். நான் அடுத்த தரிப்பு மட்டும் கண்ணைத் துடைச்சுத் துடைச்சு ஓடினனான்.

— இது மான்கொம்பு. அப்பப்பாவின்ரை. இது எனக்கும் தெரியும்.

— வெத்திலைக்குப் புகையிலை நறுக்கினது. இப்பவும் மணந்து பார், புகையிலை மணக்கும்.

— மணக்குது... என்னப்பா செய்யிறீங்கள் என்னை? நான் இதுகளைக் கட்டிக்கொண்டு போக வந்தனான், கதை கேக்க வரேல்லை.

— நான் என்ன செய்தனான்? நீதான் ஒண்டொண்டா எடுத்து எடுத்துக் கேக்கிறாய்.

— சண்டைக் காலத்திலை சென்றியிலை பஸ்சை மறிச்சுச் சோதிக்கிற ஆமிக்காரன் ஒண்டையும் பறிக்கேல்லையே?

— எப்பிடிப் பறிப்பான்? புட்டுப் பாசலுக்குள்ளை எல்லோ கிடக்கும்! எங்களை இறக்கித் தடவுவான், இருக்கையைத் தடவுவான், எமில்ராஜின்ரை ரிக்கற் பெட்டியையும் கொட்டிப் பாப்பான். புட்டுக்குள்ளை ஆர் கை வைப்பான்? மத்தியானம் சாப்பிடேக்கை கத்தியை நக்கித்தான் எடுக்கிறது.

— தொண்ணூற்றஞ்சிலை இடம்பெயரேக்கையும் விடேல்லைத்தானே நீங்கள்.

— உனக்கு ஞாபகம் இருக்கே? ஐஞ்சு வயது உனக்கு.

— உங்கடை தோளிலை இருந்தனான். கத்தியளைச் சாரத்திலை சுத்தி இடுப்பிலை கட்டியிருந்தனீங்கள். நடக்க நடக்க என்ரை காலிலை இடிச்சுது.

— அது சரி. கொம்மா அரிசி மூட்டையைத் தலையிலை வைச்சுக்கொண்டு கோப்பாய்ப் பாலம் மட்டும் என்னைத் திட்டிக்கொண்டு வந்தவ. 'சனம் சோத்தைத் தூக்குது, இந்த மனிசன் இரும்பைத் தூக்குது' எண்டு. அந்த மழைக்குள்ளை, அந்தச் சனத்துக்குள்ளை, கொம்மாவின்ரை குரல் கேட்டபடியால்தான் நான் வழி தவறாமல் நடந்தனான்.

— அந்த அம்மாவுக்காகத்தான் அப்பா கேக்கிறன். நீங்கள் சைக்கிளிலை படலை தாண்டினால் திரும்பி வருமட்டும் அவவுக்கு உயிர் இல்லை. எங்கை வெட்டிக்கொண்டு வாறாரோ எண்டு.

— கொம்மா அப்பிடிச் சொன்னவவோ?

— அவ எங்கை சொல்லுறா? நான் ரெலிபோன் எடுத்தால், 'அப்பா நல்லா இருக்கிறார், ஒண்டுக்கும் யோசியாதை' எண்டு மட்டும்தான். எனக்குத்தான் அங்கை நித்திரை வருதில்லை. பயமாக் கிடக்கு அப்பா. உங்களை நினைச்சாலே பயமாக் கிடக்கு.

— அழாதை. எடி, அழாதை பிள்ளை. நீ அழுதால் நான் என்னத்தைச் சொல்லுறது?

— தாறன் எண்டு சொல்லுங்கோ.

— தையல் போட்ட கிழமை ஒருநாள் வெறும் பொக்கற்றோடை சந்தைக்குப் போனனான். போற வழி முழுக்கப் பொக்கற்றைத் தடவித் தடவிப் பாத்தன். ஆரோ செத்தவீட்டுக்குப் போற மாதிரி இருந்துது. ஒரு சாமானும் வாங்காமல் திரும்பி வந்திட்டன்.

— அப்பா...

— சரி. கொண்டுபோ. நீ கேட்டு நான் எதை இல்லையெண்டனான்?

— உண்மையாவோ?

— ஓம். ஆனால் அலுமாரிக்கு மேலை போட்டிடாதை. மாதம் ஒருக்கால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்.

— பூசுறன் அப்பா. ஒவ்வொரு மாதமும் பூசுறன். இந்த மூடி இறுகுதில்லை, கயிறு போடவேணும்... இது நல்ல நீளம். பிடியுங்கோ இந்த முடிச்சை. இப்ப மிச்சத்தை வெட்ட ஒரு கத்தி வேணுமே!

— இருபத்தொண்டையும் உள்ளுக்கை வைச்சுக் கட்டிப்போட்டுக் கத்தி தேடுறாய்.

— சிரிக்காதேங்கோ. அந்தப் பொக்கற்றிலை இருக்கிறதைத் தாங்கோ. வெட்டிப்போட்டு அதையும் உள்ளுக்கை விடுறன்.

— இந்தா. பாத்துப் பிடி.

— என்னப்பா இது? வெட்டுதில்லை.

— இறுக்கி இழு.

— தும்புக் கயிறு, அதுவும் அரைவாசி உக்கினது. அதிலையே வழுக்குது. உங்கடை கத்தி ஒண்டு வெட்டாமல் நான் கண்டதே இல்லை. பொறுங்கோ, முடிச்சை அவிட்டு அப்பப்பாவின்ரையை எடுக்கிறன்... இதுவும் இல்லை! நாயனக்காரற்றையும் இல்லை! என்ன நடந்தது இதுகளுக்கு?

— ஒண்டும் வெட்டாது பிள்ளை. இருபத்திரண்டும் மொட்டை.

— கிழமைக்கு ரெண்டு தரம் தீட்டுற ஆள் நீங்கள்! நீங்களே மழுக்கினீங்கள்?

— எனக்கு அந்த மனத்தைரியம் இல்லை. கொம்மா.

— அம்மாவோ?

— ஆனியிலை நான் கையை வெட்டின கையோடை, மத்தியானத்திலை நான் கண்ணயர்ந்தாப் பிறகு கிணத்தடியிலை கிறீச் கிறீச் எண்டு ஒரு சத்தம். முதல் நாள் சட்டி மினுக்கிறா எண்டு கிடந்திட்டன். அடுத்த நாள் எழும்பி யன்னலாலை பாத்தன். குந்தியிருந்து சீமெந்துக் கட்டிலை கத்தி வாயைத் தேய்ச்சு மழுக்கிறா. கண்ணாலை தண்ணி ஓடுது. ஒண்டை முடிச்சவுடனை சீலைத் தலைப்பாலை துடைச்சு, எண்ணெய் பூசி, மடக்கி, எடுத்த இடத்திலையே கொண்டுவந்து வைச்சவ. ஒரு நாளைக்கு ஒண்டு. இருபத்திரண்டு நாள்.

— நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே?

— எனக்குத் தெரியாதெண்டுதான் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கிறா. தொட்டவுடனை எனக்குத் தெரியாதே? சந்தையிலை ஆரும் கேட்டால், 'வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்' எண்டு பொய் சொல்லிச் சமாளிக்கிறன்.

— வெட்டாத இரும்பு எண்டு தெரிஞ்சும், இதைக் கொண்டுபோகப்போறன் எண்டதுக்கு ஏன் அப்பா என்னோடை இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினீங்கள்?

— நீ கொண்டுபோனால் நாளைக்கு விடிய கொம்மா என்ன செய்வா பிள்ளை? நாப்பத்திரண்டு வருசம் இதுகளைத் திட்டின மனிசி, இப்ப நான் வெளிக்கிடேக்கை, 'இண்டைக்கு எந்தக் கத்தி?' எண்டு கேட்டு, தன்ரை கையாலை என்ரை பொக்கற்றிலை வைச்சுவிடுறா.