வியாழக்கிழமை மேசை

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, காப்பகக் குழுவின் உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் டாக்டரம்மாவின் கணவரே, மகளே, நாயையும் பூனையையும் வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் நல்ல உள்ளங்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் இப்படித் தொடங்கக் கூடாதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஓய்வு பெறும் வரை பொது விலங்குக் காப்பகத்தில் அவரோடு ஒரே அறுவை மேசையில் வேலை பார்த்த மருத்துவன் நான். வயதில் மூத்தவன். எனக்காக அவர் வந்து பேசியிருக்க வேண்டும். முறை மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

இதே மண்டபத்தில்தான் அவர் வருடா வருடம் நிதி கேட்டு நின்றார். அப்போதெல்லாம் இந்த ஒலிபெருக்கி கரகரவென்று இரையும். இன்று எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது! அன்று காலியாகக் கிடந்த நாற்காலிகள் இன்று போதவில்லை! அவர் உயிரோடு இருந்தபோது நாமெல்லாம் எங்கே போயிருந்தோம்?

அப்படி என்ன கேட்டுவிட்டார்? பளிங்குக் கட்டடம் கேட்டாரா? தனக்கு ஒரு கார் கேட்டாரா? கையில் காசில்லாதவர்களின் நாய்க்கும் பூனைக்கும் குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்ய, வியாழக்கிழமைதோறும் ஒரு மேசை. மயக்க மருந்து, தையல் நூல், உதவியாளருக்குச் சம்பளம். அவ்வளவுதான் கேட்டார்!

காலையில் காப்பகத்துக்கு வந்தால் வாசலில் அட்டைப் பெட்டி இருக்கும். உள்ளே கண் திறக்காத குட்டிகள். கூண்டுகள் நிறைந்த பிறகு என்ன நடக்கும் என்று இந்த மண்டபத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. நான் சொல்கிறேன். நோய் நொடி இல்லாத உயிர்களை, இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காக, ஊசி போட்டு அனுப்பிவைப்போம். அந்த ஊசியைப் போட்டது அவரும் நானும்தான். அப்படி ஒரு நாளில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “கூண்டு கட்டக் கட்ட நெறஞ்சுக்கிட்டேதான் போகும்ணே. பொறக்கிற எடத்துல நிறுத்தாம இங்க நின்னு என்ன பண்றோம் நாம?”

அந்த வியாழக்கிழமை மேசையில் நடந்த ஒரு கூத்தை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். தையல்கார அக்கா ஒருவர் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார். டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, வயிற்று முடியை மழித்துப் பார்த்தால், அங்கே ஆறிய தழும்பு! சில மாதங்களுக்கு முன் அவரே போட்ட தையல்! அப்போது அதைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தெரு அச்சகக்காரர். அவர் வீட்டில் அதன் பெயர் ராணி. அக்கா வீட்டில் அதன் பெயர் திருடி. இரண்டு வீட்டிலும் தின்றுகொண்டு, இரண்டு வீட்டுப் பூனையாகவும் அது ஜோராக வாழ்ந்திருக்கிறது.

அச்சகக்காரர் விழுந்தடித்து வந்தார். “எங்க ராணிக்கு மறுபடியும் கத்தி வெக்கப் பார்த்தீங்களா?”

“உங்க ராணியா? மூணு வேளையும் என் வீட்ல கொட்டிக்குது!” என்றார் அக்கா.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “என் தையலே எனக்கு அடையாளம் தெரியல, தப்பு என்னுதுதான். ஆனா ரெண்டு பேரும் சோறு போட்டீங்கல்ல? அப்ப செலவுலயும் பாதிப் பாதி போடுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். அன்று பிறந்ததுதான் பங்குத் திட்டம். ஒரு விலங்குக்கு யார் யார் சோறு போடுகிறார்களோ, அத்தனை பேரும் அதன் அறுவைக்குப் பங்கு போட வேண்டும். மீதியைக் காப்பக நிதி ஏற்கும். பேருந்து நிறுத்தத்து நாய்க்கு ஒரே ஒரு பிஸ்கட் போட்டவரைக்கூட அவர் விட்டதில்லை! பங்கு டாக்டர் வருகிறார் என்றால் பிஸ்கட்டை மறைத்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். சிரிக்கிறீர்களே, உங்களைத்தான்! வாசலில் பெட்டிகள் குறைந்தன. ஊசியும் குறைந்தது. அது அவருடைய வெற்றி, வேறு யாருடையதும் அல்ல.

நாள் முழுக்க விலங்குகளோடு கிடந்தவர் வீட்டில் ஒரு பூனைகூட இல்லை. கணவரிடம் ஒருமுறை கேட்டேன். “ஆசைதான் சார். இருக்கிற என்னைப் பார்க்கவே அவளுக்கு நேரமில்லையே” என்றார். நாங்கள் அவருடைய நேரத்தை நிறையவே எடுத்துக்கொண்டோம் ஐயா. அதைத் திருப்பித் தர எங்களிடம் எதுவும் இல்லை.

இப்போது தலைவர் அவர்களிடம் வருகிறேன். சற்று முன் பேசும்போது, டாக்டரம்மாவின் பெயரில் புதிய கூண்டு வளாகம் கட்டப்போவதாக அறிவித்தீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. வியாழக்கிழமை மேசைக்கான நிதி இந்த மாதத்தோடு நிற்கிறது, அந்தத் தொகைதான் கூண்டுக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க எது வேண்டாம் என்று மன்றாடினாரோ, அதன் நெற்றியிலா அவர் பெயரை எழுதுவது? அவர் பெயரே வேண்டாம் ஐயா. கல்வெட்டு வேண்டாம், படம் வேண்டாம், மாலை வேண்டாம். அந்த மேசையை விட்டுவையுங்கள்! தலைவர் தலையாட்டுகிறார். இதே நாற்காலியிலிருந்து இதே தலையாட்டலை முன்பும் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை எழுத்தில் வரும் வரை நான் விடப்போவதில்லை.

நாளை வியாழக்கிழமை. காலையில் உதவியாளப் பெண் கேட்டாள்: “நாளைக்கு வரச் சொன்னவங்களுக்கு என்ன சார் சொல்றது?” இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதற்குப் பதில் கிடைத்தது. வரச் சொல்லம்மா. நான் வருகிறேன். கை நடுங்கவில்லை, வேகம்தான் குறைந்துவிட்டது. அவர் இரண்டு முடிக்கும் நேரத்தில் நான் ஒன்றைத்தான் முடிப்பேன். சம்பளம் வேண்டாம், மருந்து மட்டும் இருக்கட்டும். இடுப்பு வலிக்கும், பரவாயில்லை. நிற்க முடிகிற வரை நிற்கிறேன்.

நாளை அறுவைக்குப் பதிந்தவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். இன்று இரவு உங்கள் நாயோ பூனையோ வெறும் தட்டின் முன் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக் கத்தும். மனசு கேட்காமல் ஒரு வாய் வைத்துவிடாதீர்கள். காலையில் கதவு திறந்திருக்கும்.