பன்னிரண்டு அடி உயரத்தில்

அருணாதேவி: கைய விடுங்க.

பரசுராமன்: விடமாட்டேன்.

அருணாதேவி: விட்டாதாங்க கீழ எறக்க முடியும். உங்க இடுப்புல கட்டின கயிறு என் கையிலதான் இருக்கு.

பரசுராமன்: பயமே அதான்.

இனியா: பா, மேல மணியப் பாரு! நான் போய் அடிச்சேன்ல, நீயும் அடி பா!

பரசுராமன்: அடிக்கறேன் கண்ணு... கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்.

இனியா: பத்து நிமிஷமா இதையேதான் சொல்ற. முப்பது அடி செவுத்துல பன்னெண்டு அடிதான் ஏறியிருக்க.

அருணாதேவி: பச்சைக் கல்லுல கால வெச்சிட்டு மஞ்சளப் புடிங்க.

பரசுராமன்: கல்லா இது? பிளாஸ்டிக்கு. யாரு இந்த செவுரு ஏறுற எடத்துக்கு வரணும்னு சொன்னது? பேசாம சாத்தனூர் டேமுக்குப் போயி மீன் வறுவல் சாப்ட்டிருக்கலாம்.

அருணாதேவி: நான்தான் சொன்னேன்.

இனியா: அந்த வெள்ளக்காரப் பாட்டிக்கு எழுவது வயசாம் பா. மணிய அடிச்சிட்டு கீழ வந்து டீ குடிக்கறாங்க, பாரேன்.

பரசுராமன்: கீழ பாக்கச் சொல்லாத!

இனியா: ரெண்டாயிரத்து அறுநூறு அடி தீப மலை ஏறினியே, கையில நெய்த் தூக்க வேற புடிச்சிக்கிட்டு! இதுக்குப் போயி...

பரசுராமன்: அது வேற, இது வேற. மலைல புடிச்சிக்கப் புல்லு இருக்கும், செடி இருக்கும். இங்க இன்னா இருக்கு?

அருணாதேவி: புல்லப் புடிச்சிக்கிட்டா ஏறினீங்க?

பரசுராமன்: நீ சும்மா இரு.

இனியா: இந்த வருஷம் தீபத்துக்கு என்னையும் மேல கூட்டிட்டுப் போவியா?

பரசுராமன்: இப்பல்லாம் யாரையும் மேல விடறதில்லையே கண்ணு...

அருணாதேவி: ரொம்ப வருத்தம் அவருக்கு.

இனியா: கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன் பா. நான் கொற மாசத்துல பொறந்து கண்ணாடிப் பெட்டியில இருந்தேன், அம்மா தீபத்துக்கு நெய் வேண்டிக்கிட்டாங்க, எங்கப்பா தனியா எடுத்துட்டுப் போயி உச்சியில ஊத்தினாருனு. ரூக்ஸார் மட்டும் நம்ப மாட்டேங்கறா. நீ மணி அடிச்சா வீடியோ எடுத்து அவளுக்குக் காட்டுவேன்.

பரசுராமன்: எல்லாருக்குமா சொன்ன?

இனியா: மிஸ்ஸுக்குக்கூட.

பரசுராமன்: அண்ணாமலையாரே...

அருணாதேவி: இனியா, மரத்தடியில நம்ம பை இருக்கு, போய் எடுத்துட்டு வா. அப்பாவுக்கு நாக்கு வறண்டிருக்கும்.

இனியா: நான் வர்றதுக்குள்ள மணி அடிச்சிடாத பா!

அருணாதேவி: அதெல்லாம் அடிக்கமாட்டாரு, நீ போ.

பரசுராமன்: ...போயிட்டாளா?

அருணாதேவி: போயிட்டா.

பரசுராமன்: உன் பின்னாடி நிக்கறாரே, சொல்லிக் குடுக்கற காசிம் தம்பி... அவர கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. உங்கிட்ட தனியா பேசணும்.

அருணாதேவி: கயித்தோட அந்த முனை அவரு கையிலதான் இருக்கு. விட்டுட்டுத் தள்ளி நிக்கச் சொல்லவா?

பரசுராமன்: வேணாம் வேணாம்! இருக்கட்டும். கேட்டா கேக்கட்டும்.

அருணாதேவி: சொல்லுங்க.

பரசுராமன்: அருணா... அந்த நெய்யி...

அருணாதேவி: எந்த நெய்?

பரசுராமன்: நான் உச்சிக்குப் போகல. கேக்குதா?

அருணாதேவி: கேக்குது. எது வரைக்கும் போனீங்க?

பரசுராமன்: ஸ்கந்தாசிரமம் தாண்டி கொஞ்ச தூரம். சும்மா இருக்காம திரும்பிப் பாத்தேன். கோபுரம் ஒம்பதும் தீப்பெட்டியாட்டம் கீழ நிக்குது. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். மேல போயிட்டிருந்த ஒருத்தர்கிட்ட தூக்கக் குடுத்துட்டேன்.

அருணாதேவி: யாருனு பாத்தீங்களா?

பரசுராமன்: கண்ணத் தொறந்தாத்தான பாக்கறதுக்கு! தீபக் கொப்பரையில ஊத்தினாரோ, வீட்டுக்குப் போய் தோசைக்கு ஊத்திக்கிட்டாரோ... கொழந்தைக்கு வேண்டிக்கிட்ட நெய் அருணா. பத்து வருஷமா அவளுக்கு ஜுரம் கொஞ்சம் ஜாஸ்தியானா போதும், அந்த நெய்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அருணாதேவி: தூக்கு கூட்டத்துல தொலஞ்சிடுச்சுனு சொன்னீங்க.

பரசுராமன்: அதுவும் பொய்தான்.

அருணாதேவி: ம்.

பரசுராமன்: கோவமா? கோவப்படறதா இருந்தா நான் எறங்கினப்புறம் படு.

அருணாதேவி: நாற்காலியில உக்கார்ற மாதிரி பின்னாடி சாஞ்சு உக்காருங்க. கைய விடுங்க.

பரசுராமன்: புடிச்சிருக்கியா?

அருணாதேவி: புடிச்சிருக்கேன்.

பரசுராமன்: நல்லா?

அருணாதேவி: நல்லாத்தான் புடிச்சிருக்கேன், விடுங்க.

பரசுராமன்: ஐயோ... ஐயையோ... அட!

அருணாதேவி: அவ்ளோதான். தரைக்கு வந்துட்டீங்க.

இனியா: என்ன பா, எறங்கிட்ட? மணி?

பரசுராமன்: அடிக்கல கண்ணு. இங்க வா. அப்பா மலை உச்சிக்கும் போனதில்ல. எனக்கு ஒசரம்னா பயம்.

இனியா: பொய் சொல்ற.

பரசுராமன்: இவ்ளோ நாளா சொன்னதுதான் பொய்.

இனியா: அப்போ... எனக்கு வேண்டிக்கிட்ட நெய்?

பரசுராமன்: வேற ஒருத்தர்கிட்ட குடுத்தனுப்பினேன். போய்ச் சேந்துச்சானு தெரியல.

இனியா: ரூக்ஸார் கேட்டா நான் என்ன பா சொல்றது?

பரசுராமன்: எங்கப்பா பன்னெண்டு அடி ஏறினாருனு சொல்லு.

இனியா: நல்லாப் பாத்தா பதினொண்ணுதான் இருக்கும்.

அருணாதேவி: அப்பனும் பொண்ணும் உக்காருங்க. இனியா, பையில மோர் இருக்கு, எடு.

இனியா: இது எந்தத் தூக்கு மா? நம்ம வீட்ல பாத்ததே இல்லையே. மூடியில பேரு வெட்டியிருக்கு... 'அருணாதேவி, அடி அண்ணாமலை'.

பரசுராமன்: கொண்டா இப்படி... அருணா, இது... அந்தத் தூக்கா?

அருணாதேவி: பேரும் ஊரும் வெட்டினதத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க! வாங்கினவரு எங்க ஊருக்காரரு. நெய்ய ஊத்திட்டு, மறுநாளே எங்கம்மா வீட்ல தூக்கக் கொண்டாந்து குடுத்துட்டாரு. இத்தன வருஷம் அங்கதான் இருந்துச்சு. "பாறையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, கண்ணத் தொறக்காம, எம் பொண்ணு பொழைக்கணும், நீங்க ஊத்திடுங்கனு ஒருத்தர் அழுதாரும்மா"னு சொன்னாரு. அதுக்கப்புறம் உங்களப் போயி நான் என்னனு கேக்கறது... மோரக் குடிங்க.