பன்னிரண்டு இருபதுக்குப் பிறந்தவள்

திருக்கழுக்குன்றம் பேருந்தில், செங்கல்பட்டு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் பிறந்த குழந்தையோடு எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவன் ஆலைச் சீருடையில் இருந்தான்.

“ராத்திரி பன்னெண்டுன்னா அது பன்னெண்டே இல்ல, சைபர்,” என்றான்.

“செவுத்துக் கடியாரத்துல பன்னெண்டுன்னுதான கீது?”

“ஷிப்டுல நாங்க சைபர்னுதான் சொல்லுவோம். பாப்பா பன்னெண்டு இருவதுக்குப் பொறந்துச்சி. அப்ப புதன்கெழம. செவ்வாக்கெழம பொறந்த பொண்ணுன்னா எங்கம்மா பேஜாரு பண்ணும்.”

“நாளு ஆரம்பிக்கணும்னா ஒண்ணுலதான ஆரம்பிக்கணும்? பன்னெண்டுல எவனாவது ஆரம்பிப்பானா? விடிஞ்சாதான் அடுத்த கெழம.”

“கடியாரம் அப்படித்தான். யாரு கேட்டாலும் புதன்னு சொல்லு.”

ஜன்னல் காற்று பலமாக அடித்தது. அவள் முந்தானையால் குழந்தையின் காதை மூடினாள்.

“ஊருக்கெல்லாம் சொல்றேன். நீங்க நைட் ஷிப்டு போயிட்டீங்க. உங்கம்மாதான் என் கையப் புடிச்சிகினு நின்னாங்க. பாப்பா பொறந்தப்புறமும் விடியற வரைக்கும் முழிச்சிகினு இருந்தாங்க. அவங்ககிட்ட மட்டும் நீங்களே போயி சைபர்னு சொல்லுங்க.”